மோசேயின் கோலும் மந்திரவாதிகளின் கோலும்

வேதாகமத்தில் யாத்திராகமம் ஏழாம் அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாக வாசித்தால் ஒரு விஷயம் உறுத்தும். மோசேயின் அண்ணன் ஆரோன் எகிப்து ராஜா பார்வோன் முன்னால் தன் கோலைக் கீழே போடுகிறார், அது பாம்பாகிறது. பார்வோன் அசரவில்லை. தன் ஆட்களைக் கூப்பிடுகிறான், அவர்களும் ஆளுக்கொரு கோலைப் போடுகிறார்கள், அவையும் பாம்பாகின்றன. அது கண்கட்டு வித்தை என்றோ, பாம்பு மாதிரித் தெரிந்தது என்றோ வசனம் சொல்லவில்லை. அவர்களும் அப்படியே செய்தார்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறது. ஆரோனின் கோல் மற்றக் கோல்களை விழுங்கிவிடுகிறது, அவ்வளவுதான். அடுத்து நைல் நதி இரத்தமாகிறது, அதையும் அவர்கள் செய்து காட்டுகிறார்கள். தவளைகள் வருகின்றன, அதுவும் அவர்களால் முடிகிறது. மூன்றாவது வாதையில், புழுதி பேன்களாக மாறும்போதுதான் அவர்கள் கையை விரிக்கிறார்கள்.

ஒரே கோல், ஒரே செயல், ஒரே விளைவு. ஆனால் ஒரு பக்கம் நடப்பதற்கு அற்புதம் என்று பெயர், இன்னொரு பக்கம் நடப்பதற்கு மந்திரவித்தை என்று பெயர். எதை வைத்து இப்படிப் பிரிக்கிறோம்?

இந்தக் கேள்வியைக் கிண்டலுக்காகக் கேட்பவர்கள் இருக்கிறார்கள், கேட்டவுடன் கோபப்படுபவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேரும் கவனிக்காமல் விடுவது ஒன்று உண்டு: இது வெளியாள் கிளப்பிய சந்தேகம் இல்லை, வேதாகமமே திரும்பத் திரும்பத் தனக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி. அது அங்கே சொல்லும் பதில்கள் நாம் பொதுவாகச் சொல்லும் பதில்களைவிட ஆழமானவை, சில இடங்களில் சங்கடமானவையும்கூட.

முதலில் பார்வோனின் ஆட்கள் யார் என்று பார்த்துவிடலாம். எபிரேய மூலத்தில் அவர்களுக்கு 'ஹர்தும்மிம்' என்று பெயர். இது எகிப்தியப் பட்டம் ஒன்றிலிருந்து வந்த சொல். கோவிலில் சுருளைப் பிடித்து ஓதும் தலைமைப் பூசாரியைக் குறிக்கும். அதாவது தெருமுனையில் வித்தை காட்டுகிறவர்கள் இல்லை, படித்த பூசாரிகள். எகிப்தில் மந்திர சக்திக்கு 'ஹேகா' என்று பெயர். அது ஒளித்துவைத்துச் செய்யும் குற்றமாக இருக்கவில்லை. உலகத்தைப் படைத்தபோது தெய்வங்கள் கையாண்ட சக்தி அது, அந்தப் பெயரில் ஒரு தெய்வமே உண்டு. பெர்லினில் உள்ள வெஸ்ட்கார் பப்பிரஸ் சுருளில் ஒரு கதை வருகிறது. ஸ்னெஃப்ரு மன்னன் பொழுது போகாமல் ஏரியில் படகு விடுகிறான், இருபது பெண்கள் துடுப்புப் போடுகிறார்கள். ஒருத்தியின் கூந்தலில் இருந்த பச்சைநீலக் கல் மீன் தண்ணீரில் விழுந்துவிடுகிறது. அவள் துடுப்பை நிறுத்திவிடுகிறாள். வேறு நகை தருகிறேன் என்று மன்னன் சொல்லியும் கேட்கவில்லை, எனக்கு என்னுடையதுதான் வேண்டும் என்கிறாள். ஓதும் பூசாரி ஒருவர் வந்து மந்திரம் சொல்லி, ஏரித் தண்ணீரில் பாதியை அப்படியே எடுத்து மறுபாதியின் மேல் வைக்கிறார். பன்னிரண்டு முழ ஆழம் இருபத்துநான்கு முழமாகிறது. ஒரு ஓட்டாஞ்சில்லின் மேல் கிடந்த மீனை எடுத்துக் கொடுத்துவிட்டு, தண்ணீரைப் பழைய இடத்திலேயே வைத்துவிடுகிறார்.

இந்தச் சுருள் கி.மு. 1600 வாக்கில் எழுதப்பட்டது. செங்கடல் பிளந்த கதையைக் கேட்ட பழங்கால எகிப்தியன் ஒருவனுக்கு, தண்ணீரைப் பிளப்பது ஓதும் பூசாரியின் வேலை என்று முன்பே தெரிந்திருக்கும். அதனால்தான் யாத்திராகமம் போட்டியை அந்தப் பூசாரிகளின் களத்திலேயே, அவர்களுடைய ஆயுதத்தை வைத்தே நடத்துகிறது என்று நினைக்கிறேன்.

சரி, மந்திரம் என்று எதைச் சொல்கிறோம்? நமக்கு இது இன்னும் சிக்கல், ஏனென்றால் தமிழ் வேதாகமத்தில் இந்தச் சொற்கள் நம் ஊர்த் தெருவிலிருந்தே எடுக்கப்பட்டவை. உபாகமம் 18-ல் தடை செய்யப்பட்டவர்களின் பட்டியலைப் பாருங்கள்: குறிசொல்லுகிறவன், நாள்பார்க்கிறவன், அஞ்சனம் பார்க்கிறவன், சூனியக்காரன், மந்திரவாதி, சன்னதக்காரன், மாயவித்தைக்காரன், செத்தவர்களிடத்தில் குறிகேட்கிறவன். எபிரேயத்தில் உள்ள சொற்கள் மேகத்தையோ பாம்பையோ பார்த்துச் சகுனம் சொல்வது, கட்டுப் போடுவது, ஆவியைக் கூப்பிடுவது என்று வேறொரு உலகத்தைச் சேர்ந்தவை. சிலவற்றுக்குச் சரியான பொருள் என்ன என்று அறிஞர்களே இன்னும் விவாதிக்கிறார்கள். மொழிபெயர்த்தவர்கள் அந்தந்த இடத்தில் தமிழ் வாசகனுக்குத் தெரிந்த ஆளை நிறுத்தினார்கள். சவுல் ராஜா இரவில் மாறுவேடத்தில் தேடிப்போன எந்தோர் ஊர்ப் பெண் நமக்கு 'அஞ்சனம் பார்க்கிற ஸ்திரீ' ஆனாள், ஆனால் அந்தக் கதையில் மையும் இல்லை, வெற்றிலையும் இல்லை.

இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. கிரேக்கத்தில் 'மகோஸ்' என்று ஒரு சொல் இருக்கிறது. மத்தேயு இரண்டாம் அதிகாரத்தில் நட்சத்திரத்தைப் பார்த்துக் குழந்தை இயேசுவைத் தேடி வந்தவர்களுக்கு அதன் பன்மைதான் பெயர். அப்போஸ்தலர் 13-ல், சைப்ரஸ் தீவின் பாப்போ பட்டணத்தில் பவுலை எதிர்த்துக் கண் குருடாகிப்போன பர்யேசுவுக்கும் அதே சொல்தான். தமிழில் முதல் கூட்டம் 'சாஸ்திரிகள்', அப்புறம் வந்த பொதுமொழிபெயர்ப்பில் 'ஞானிகள்'. பர்யேசு மட்டும் 'மாயவித்தைக்காரன்'. மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்லவில்லை, அந்தந்த இடத்தின் தொனியை அவர்கள் சரியாகத்தான் பிடித்திருக்கிறார்கள். ஆனால் நம்மவன் செய்தால் ஞானம், எதிராளி செய்தால் மாயவித்தை என்று ஒரே சொல் எப்படி இரண்டாக உடைகிறது என்பதை இங்கே கண்ணெதிரே பார்க்கலாம். பழங்காலத்தில் மந்திரவாதி என்பது பெரும்பாலும் அடுத்தவன்மேல் சாட்டும் குற்றமாகவே இருந்தது. ரோமப் பேரரசில் அதற்கு வழக்கும் தண்டனையும் உண்டு. மறைவித்தை என்று ஒரு தனித் துறையாகவே அதைத் தொகுத்துப் பேசுவது ஐரோப்பாவில் மிகப் பிந்தித்தான் வலுத்தது. ஜெர்மானிய அறிஞர் அக்ரிப்பாவின் பெரிய தொகுப்பு முழுமையாக அச்சானதே 1533-ல்தான். அந்தப் பிற்காலக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தீர்க்கதரிசி எலிசாவைப் பார்த்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

மானுடவியலில் ஒரு பழைய பதில் இருக்கிறது. ஜேம்ஸ் ஃபிரேசர் 1890-ல் தொடங்கி எழுதியது: மந்திரம் கட்டளையிடும், மதம் வேண்டிக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறது, பிரசங்கங்களிலும் இதையே வேறு வார்த்தைகளில் சொல்கிறார்கள். ஆனால் வசனங்களைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தால் இது நிற்காது.

எலிசாவை எடுத்துக்கொள்ளுங்கள். எரிகோவில் தண்ணீர் கெட்டிருக்கிறது. ஒரு புதுப் பாத்திரத்தில் உப்பு கேட்கிறார், ஊற்றில் போடுகிறார், தண்ணீர் நல்லதாகிறது. விஷக் காய் விழுந்த கூழ்ப்பானையில் மாவைப் போடுகிறார், விஷம் முறிகிறது. யோர்தானில் கோடரி விழுந்துவிடுகிறது, ஐயோ அது இரவல் வாங்கினது என்று அந்த ஆள் பதறுகிறான். எங்கே விழுந்தது என்று கேட்டு, ஒரு கொம்பை வெட்டி அங்கே எறிகிறார், இரும்பு மிதக்கிறது. இந்தக் கடைசிக் கதையில் ஒரு ஜெபம்கூடக் கிடையாது. இதே எலிசா இறந்து புதைக்கப்பட்ட பிறகு, அவர் எலும்பின்மேல் பட்ட ஒரு பிணம் உயிரோடு எழுந்து நிற்கிறது. வேண்டிக்கொள்வதற்கு அங்கே யாருமே இல்லை. இந்தப் பக்கம் இப்படி என்றால், அந்தப் பக்கம் எகிப்தில் கிடைத்த கிரேக்க மந்திரச் சுவடிகளில் மனம் உருகி எழுதிய துதிப்பாடல்கள் இருக்கின்றன, பணிவான மன்றாட்டுகள் இருக்கின்றன. கட்டளை, வேண்டுதல் என்ற கோடு இரண்டு பக்கமும் அழிந்துபோகிறது.

அப்படியானால் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது என்றே நினைக்கிறேன். அது இருப்பதும் எலிசா கதையில்தான்.

சூனேம் ஊர்ப் பெண்ணின் ஒரே மகன் வயலில் தலை வலிக்கிறது என்று சொல்லி, மதியம் தாயின் மடியில் இறந்துபோகிறான். அவள் எலிசாவைத் தேடிக் கர்மேல் மலைக்கு ஓடுகிறாள். எலிசா தன் வேலைக்காரன் கேயாசியிடம் தன் தடியைக் கொடுத்து, வழியில் யாருக்கும் வணக்கம்கூடச் சொல்லாமல் ஓடிப்போய்ப் பையன் முகத்தின்மேல் இதை வை என்று அனுப்புகிறார். கேயாசி சொன்னபடியே செய்கிறான். தடி சரியான தடி, நிபந்தனை சரியான நிபந்தனை, செய்முறையில் ஒரு பிசகும் இல்லை. ஒன்றும் நடக்கவில்லை. சத்தமும் இல்லை, அசைவும் இல்லை. அப்புறம் எலிசாவே வந்து கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் செய்கிறார், பையன்மேல் படுத்து, வாயோடு வாயும் கண்ணோடு கண்ணும் கையோடு கையும் வைக்கிறார். உடல் சூடாகிறது. எழுந்து வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடக்கிறார். மறுபடியும் படுக்கிறார். பையன் ஏழு தரம் தும்மிக் கண்ணைத் திறக்கிறான்.

மந்திரக் கதை ஒன்றில் தடி வேலை செய்திருக்க வேண்டும். இந்தக் கதை வேண்டுமென்றே தடியைத் தோற்கடிக்கிறது. அந்த மனிதர் வந்து, நடந்து, தவித்து, இரண்டு தடவை முயல வேண்டியிருக்கிறது.

இதை வைத்துப் பார்த்தால் கோடு பொருளிலும் இல்லை, சொல்லிலும் இல்லை, சைகையிலும் இல்லை. செய்முறையை எழுதி இன்னொருவர் கையில் கொடுக்க முடியுமா என்பதில் இருக்கிறது. மந்திரச் சுவடிகள் அடிப்படையில் செய்முறைக் குறிப்புகள். பாரிஸ் தேசிய நூலகத்தில் நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு பெரிய சுவடி இருக்கிறது. அதில் பேய் பிடித்தவருக்கு ஒரு குறிப்பு: பழுக்காத ஆலிவ் காயின் எண்ணெயை எடு, இன்னின்ன மூலிகையோடு காய்ச்சு, காய்ச்சும்போது இந்தச் சொற்களைச் சொல், ஒரு தகரத் தகட்டில் இந்த எழுத்துகளை எழுதி நோயாளியின் கழுத்தில் கட்டு. தொடர்ந்து பேயைப் பார்த்துச் சொல்ல வேண்டியது வருகிறது: 'எபிரேயரின் கடவுளாகிய இயேசுவின் பேரில் உனக்கு ஆணையிடுகிறேன்.' பார்வோனிடமிருந்து இஸ்ரவேலை மீட்டவர், ஒளிரும் தூணில் தோன்றியவர் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போகிறது. பன்றி இறைச்சி சாப்பிடாதே, சுத்தமாக இரு, இது எபிரேய மந்திரம் என்று கடைசியில் எச்சரிக்கையும் உண்டு. எழுதியவர் யூதரும் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை என்பது படித்தவுடன் தெரியும். இயேசுவை எபிரேயரின் கடவுள் என்று யூதரும் சொல்லமாட்டார், அன்றைய கிறிஸ்தவரும் அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். அவருக்கு இது வேலை செய்யும் பெயர், அவ்வளவுதான். எபிரேயரின் கடவுளைக் குறிக்கும் யாவ், சபாவோத், அதோனாய் என்ற பெயர்கள் இந்தச் சுவடிகளில் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. மோசேயின் பெயரிலேயே ஒரு மந்திர நூல் நெதர்லாந்தின் லைடனில் உள்ள சுவடியில் இருக்கிறது. முதல் நூற்றாண்டிலேயே ரோம எழுத்தாளர் பிளினி மோசேயை மந்திரவாதிகளின் வரிசையில் வைத்துவிட்டார். வெளியே நின்று பார்த்தவர்களுக்கு மோசே பெரிய மந்திரவாதி என்பதில் சந்தேகமே இல்லை.

இயேசுவின் விஷயத்துக்கு வருவோம். மாற்கு சுவிசேஷத்தில் இரண்டு கதைகள் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கின்றன. ஒன்று ஏழாம் அதிகாரத்தில்: காது கேளாத, பேச்சுத் திக்கும் ஒருவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப்போய், காதுகளில் விரலை விட்டு, உமிழ்ந்து, நாக்கைத் தொட்டு, வானத்தைப் பார்த்துப் பெருமூச்சுவிட்டு, 'எப்பத்தா' என்கிறார். இன்னொன்று எட்டாம் அதிகாரத்தில், பெத்சாயிதாவில்: பார்வையற்றவரின் கண்களில் உமிழ்ந்து, கைகளை வைத்து, ஏதாவது தெரிகிறதா என்று கேட்கிறார். மனிதர்கள் மரங்களைப் போல நடக்கிறார்கள் என்கிறார் அவர். மறுபடியும் கையை வைக்கிறார், அப்போதுதான் தெளிவாகிறது. எச்சில், தனிமை, பெருமூச்சு, அந்நியமாக ஒலிக்கும் சொல், இரண்டாம் முயற்சி. அந்தக் காலத்து மத்தியதரைக் கடல் நாடுகளில் வைத்தியருக்கும் மந்திரவாதிக்கும் பழக்கமான கூறுகள் இவை. எச்சிலுக்குக் குணப்படுத்தும் சக்தி உண்டு என்பது ஊரறிந்த நம்பிக்கை. கி.பி. 70 வாக்கில் அலெக்சாந்திரியாவில் ரோமப் பேரரசர் வெஸ்பாசியன் தன் எச்சிலால் பார்வையற்ற ஒருவரைக் குணமாக்கினார் என்று ரோம வரலாற்றாசிரியர் தாசிட்டஸ் எழுதியிருக்கிறார்.

மத்தேயுவும் லூக்காவும் மாற்குவைக் கையில் வைத்துக்கொண்டு எழுதியவர்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. மாற்குவின் பெரும்பகுதியை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். அற்புதக் கதைகளில் இந்த இரண்டை மட்டும் இரண்டு பேருமே விட்டுவிட்டார்கள். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பன்னிரண்டு வருடம் பெரும்பாடுள்ள, அதாவது உதிரப்போக்கு நிற்காத, ஸ்திரீ கதையிலும் மத்தேயு கை வைத்திருக்கிறார். மாற்குவில் அவள் பின்னாலிருந்து ஆடையைத் தொட்டவுடன் இயேசுவிடமிருந்து வல்லமை புறப்பட்டுப் போகிறது, யார் தொட்டது என்று அவர் திரும்பிக் கேட்கிறார். மத்தேயுவில் இயேசு திரும்பி, அவளைப் பார்த்து, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்கிறார். அதற்குப் பிறகுதான் அவள் சுகமாகிறாள். தொட்டால் பாயும் சக்தியாக இருந்தது ஒருவர் இன்னொருவரிடம் பேசும் பேச்சாக மாறுகிறது. இயேசுவை ஏன் மந்திரவாதி என்கிறார்கள் என்று மத்தேயுவுக்குத் தெரிந்திருந்தது.

ஏனென்றால் அந்தக் குற்றச்சாட்டு சுவிசேஷத்துக்குள்ளேயே இருக்கிறது. பிசாசுகளின் தலைவனாகிய பெயெல்செபூலைக் கொண்டு பிசாசுகளைத் துரத்துகிறான் என்று எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர் சொல்கிறார்கள். கி.பி. 178 வாக்கில் செல்சஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி, இயேசு வறுமையால் எகிப்தில் கூலிக்கு வேலை செய்து அங்கே வித்தை கற்றுத் திரும்பியவர் என்று எழுதினார். யூத ரபிகளின் பெரிய தொகுப்பான பாபிலோனியத் தால்மூதில், சூனியம் செய்து இஸ்ரவேலை வழிதவறச் செய்ததற்காக யேசு பஸ்காவுக்கு முந்திய நாளில் தூக்கிலிடப்பட்டான் என்று ஒரு பகுதி இருக்கிறது. பிற்கால ஐரோப்பியப் பதிப்புகளில் கிறிஸ்தவத் தணிக்கைக்குப் பலியான பகுதி அது. இவர்கள் ஒருவரும் அப்படி எதுவுமே நடக்கவில்லை என்று வாதாடவில்லை. நடந்தது, ஆனால் எந்த சக்தியால் என்றுதான் கேட்டார்கள். இன்று நாம் நடந்ததா இல்லையா என்று சண்டை போடுகிறோம். அவர்களுடைய சண்டை வேறு.

இயேசு கொடுத்த பதிலைப் பாருங்கள். நான் பெயெல்செபூலால் துரத்தினால் உங்கள் பிள்ளைகள் யாரால் துரத்துகிறார்கள் என்று கேட்கிறார். அதாவது பேயோட்டும் யூதர்கள் வேறு பலரும் இருந்தார்கள், அதை அவரே ஒப்புக்கொள்கிறார். அவர்களில் ஒருவரை வரலாற்றாசிரியர் ஜோசீபஸ் நேரில் பார்த்ததாக எழுதுகிறார். எலெயாசர் என்பவர், வெஸ்பாசியனும் படைவீரர்களும் பார்த்துக்கொண்டிருக்க, முத்திரைக்கு அடியில் ஒரு வேர் வைத்த மோதிரத்தைப் பேய் பிடித்தவனின் மூக்கருகே நீட்டி, சாலொமோனின் பெயரைச் சொல்லி, பேயை மூக்கு வழியாக இழுத்தாராம். வெளியே வந்த பேய், சற்றுத் தள்ளி வைத்திருந்த தண்ணீர்ப் பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனதாம். மோதிரம், வேர், பெயர், நிரூபணம்: இது கச்சிதமான செய்முறை. ஜோசீபஸுக்கு இதில் பெருமைதான், வெட்கம் இல்லை.

லூக்காவில் இயேசுவின் பதில் இன்னொரு வரியோடு தொடர்கிறது: தேவனுடைய விரலினாலே நான் பிசாசுகளைத் துரத்துகிறேன் என்று. இந்த 'தேவனுடைய விரல்' வேறெங்கே வருகிறது தெரியுமா? பேன்களை உண்டாக்க முடியாமல் தோற்ற எகிப்திய மந்திரவாதிகள் பார்வோனிடம் சொன்ன வார்த்தை அது. இயேசு தன்னை மந்திரவாதி என்பவர்களுக்கு மந்திரவாதிகளின் வாக்குமூலத்தையே எடுத்துப் பதிலாகக் கொடுக்கிறார். இந்த இணைப்பைக் கண்டுபிடித்த நாளில் எனக்குப் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார வேண்டும்போல இருந்தது.

'எப்பத்தா', 'தலீத்தாகூமி' பற்றியும் சொல்லியாக வேண்டும். கிரேக்கத்தில் எழுதும் மாற்கு, இந்த அராமிய வார்த்தைகளை ஏன் அப்படியே விட்டார்? மந்திரச் சொல்லாக என்று ஒரு தரப்பு சொல்லும். ஆனால் அவர் உடனே மொழிபெயர்த்துவிடுகிறார்: 'திறக்கப்படுவாயாக', 'சிறு பெண்ணே, எழுந்திரு'. மந்திரச் சுவடிகளில் வரும் அப்லனதனல்பா, அப்ரசாக்ஸ் போன்ற சொற்களுக்கு யாரும் பொருள் எழுதமாட்டார்கள். புரியாமல் இருப்பதில்தான் அவற்றின் வலிமை. 'தலீத்தாகூமி' என்று யவீருவின் இறந்த மகளிடம் இயேசு சொன்னது ஒரு வீட்டில் காலையில் பிள்ளையை எழுப்பும் சாதாரணப் பேச்சு. ஆனாலும் இந்த வாதத்தை ரொம்ப இழுக்க முடியாது. செல்சஸுக்கு மறுப்பு எழுதிய கிறிஸ்தவ அறிஞர் ஓரிகனே, சபாவோத், அதோனாய் போன்ற பெயர்களை வேறு மொழிக்கு மாற்றினால் அவற்றின் சக்தி போய்விடும் என்று நம்பினார். பெயரின் ஒலியிலேயே சக்தி இருக்கிறது என்ற கொள்கை எதிரிகளுக்கும் அவருக்கும் பொதுவாகவே இருந்தது. மந்திரவாதிக்கும் இயேசுவுக்கும் அவர் காட்டும் வித்தியாசம் வேறு: எந்த மந்திரவாதியும் தன் வித்தையால் பார்ப்பவர்களின் வாழ்க்கையைத் திருத்தக் கூப்பிடுவதில்லை.

எபேசு பட்டணத்துக்குப் போனால் இந்தச் செய்முறைச் சிக்கல் அப்பட்டமாகத் தெரியும். எபேசு மந்திரத்துக்குப் பேர்போன ஊர், எபேசு எழுத்துகள் என்றே ஒரு வகை மந்திரச் சொற்கள் இருந்தன. அப்போஸ்தலர் 19-ல் பவுலின் உடம்பில் பட்ட உறுமால்களையும் கச்சைகளையும் கொண்டுபோய் நோயாளிகள்மேல் போடுகிறார்கள், குணமாகிறது. எலிசாவின் தடி தோற்ற இடத்தில் பவுலின் துணி ஜெயிக்கிறது. என் வாதத்துக்கு இது நேர் எதிர்தான், மறைப்பதற்கில்லை. ஆனால் இந்த நூலையும் எழுதிய லூக்கா அடுத்த வசனத்திலேயே பேயோட்டித் திரிந்த யூதர்களை, ஸ்கேவாவின் ஏழு குமாரரை, கொண்டுவருகிறார். பவுல் பிரசங்கிக்கிற இயேசுவின் பேரில் ஆணையிடுகிறோம் என்கிறார்கள். சரியான பெயர், சரியான வாசகம். பேய் திருப்பிக் கேட்கிறது: இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்? பேய் பிடித்த அந்த மனிதன் பாய்ந்து அடித்ததில் துணியில்லாமல் காயத்தோடு வீட்டை விட்டு ஓடுகிறார்கள். அதற்குப் பிறகு ஊரில் வித்தை செய்துவந்தவர்கள் தங்கள் சுவடிகளைக் கொண்டுவந்து எரிக்கிறார்கள், மதிப்பு ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு. எரிந்தது என்ன என்று யோசியுங்கள்: செய்முறைக் குறிப்புகள். சமாரியாவில் மாயவித்தை செய்துவந்த சீமோன் கையில் காசோடு வந்து, நான் கை வைத்தாலும் ஆவி வரும்படி இந்த அதிகாரத்தை எனக்கும் கொடுங்கள் என்று பேதுருவிடம் கேட்டதும் இதேதான். அவன் அதை விற்பனைக்குரிய தொழில் ரகசியமாகப் பார்த்தான்.

ஆனால் மாற்கு ஒன்பதாம் அதிகாரத்தில், சீடர்களோடு சேராத யாரோ ஒருவர் இயேசுவின் பெயரைச் சொல்லிப் பேயோட்டுகிறார், பேயும் போகிறது. யோவான் வந்து புகார் சொல்கிறார். தடுக்காதீர்கள் என்கிறார் இயேசு. ஸ்கேவாவின் பிள்ளைகளுக்கு ஒரு நியாயம், இவருக்கு ஒரு நியாயமா? இந்த இரண்டு கதைகளும் இந்த விஷயத்தில் ஒரே மனதோடு இல்லை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை.

பழைய ஏற்பாட்டிலும் இந்தத் தடுமாற்றம் உண்டு. வனாந்தரத்தில் பாம்பு கடித்தவர்கள் பார்த்துப் பிழைக்க மோசே வெண்கலப் பாம்பைக் கம்பத்தில் ஏற்றுகிறார். பாம்புக் கடிக்குப் பாம்பு உருவம் என்பது ஒத்தது ஒத்ததைத் தீர்க்கும் என்ற பழைய மந்திரத் தர்க்கம்தான். 1969-ல் தெற்கு இஸ்ரேலின் திம்னா பள்ளத்தாக்கில், மீதியானியர் வழிபட்ட ஒரு சிறு கோவிலில், தலையில் பொன் பூசிய செம்புப் பாம்பு ஒன்று கிடைத்தது. மோசேயின் மாமனார் மீதியானியப் பூசாரி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சில நூற்றாண்டுகள் கழித்து எருசலேமில் மக்கள் வெண்கலப் பாம்புக்குத் தூபம் காட்டிக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா ராஜா அதை உடைத்துப்போட்டார். மோசே செய்த பொருள், கடவுள் சொல்லிச் செய்த பொருள், உடைத்தே ஆக வேண்டியிருந்தது. மோசேக்கே அப்படி ஒன்று நடந்தது. முதல் தடவை கன்மலையை அடி என்று கட்டளை, தண்ணீர் வந்தது. எண்ணாகமம் 20-ல் கன்மலையைப் பார்த்துப் பேசு என்று கட்டளை; அவர் பழைய பழக்கத்தில் கோலால் இரண்டு தரம் அடித்தார். அப்போதும் தண்ணீர் வந்தது. ஆனால் வாக்குத்தத்த தேசத்துக்குள் போகும் பாக்கியத்தை இழந்தார். அவர் செய்த பாவம் என்ன என்று ரபிகள் காலம்காலமாக வாதிட்டிருக்கிறார்கள். போன தடவை பலித்த முறையை இந்தத் தடவையும் நம்பியது என்று நான் வாசிக்கிறேன்.

என் கோட்டை முழுசாக உடைக்கும் இடமும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றுவதாகும். எண்ணாகமம் 5: மனைவிமேல் கணவனுக்குச் சந்தேகம், சாட்சி இல்லை. ஆசாரியன் மண்பாண்டத்தில் பரிசுத்த நீர் எடுத்து, ஆசரிப்புக் கூடாரத் தரையின் புழுதியை அதில் போடுகிறான். அவள் தலைமுடியை அவிழ்க்கிறான். சாபத்தைச் சுருளில் எழுதி, மையை அந்தத் தண்ணீரிலேயே கழுவி, குடிக்கக் கொடுக்கிறான். அவள் ஆமென், ஆமென் என்று சொல்ல வேண்டும். குற்றம் இருந்தால் வயிறு வீங்கும். எழுதிய சொல்லைக் கரைத்துக் குடிப்பது எகிப்தில் நன்றாகத் தெரிந்த முறை. ஹோரஸ் தெய்வத்தின் உருவமும் மந்திரமும் செதுக்கிய கற்களின்மேல் தண்ணீர் ஊற்றிப் பிடித்து விஷக்கடிக்குக் குடித்தார்கள். எண்ணாகமத்தில் இருப்பது கச்சிதமான செய்முறை, எந்த ஆசாரியனும் செய்யலாம், குறிப்பிட்ட ஆள் தேவையில்லை. கணவன் கையால் அவள் கொலையாகாமல் காக்கவே இந்தச் சடங்கு வந்தது என்று சிலர் விளக்குகிறார்கள். இருக்கலாம். எல்லார் முன்பும் தலைவிரித்து நின்று அந்தத் தண்ணீரைக் குடித்த பெண்ணை நினைத்தால் எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. விபசாரக்காரர் பெருகியபோது ரபி யோகனான் பென் சக்காய் இந்தச் சடங்கை நிறுத்தினார் என்று யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா பதிவுசெய்கிறது.

ஆசீர்வாதமும் இதே பாதையில் போயிருக்கிறது. 1979-ல் எருசலேமின் கெதெஃப் ஹின்னோம் கல்லறைகளில் கேப்ரியல் பர்காய் குழுவினர் இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்களைக் கண்டெடுத்தார்கள். உடையாமல் விரிக்கவே வருடக்கணக்கானது. விரித்ததில் பெரியது பத்து சென்டிமீட்டர்கூட இல்லை. கி.மு. 600-ஐ ஒட்டிய காலம். உள்ளே கீறியிருந்தது எண்ணாகமம் 6-ன் ஆசீர்வாதம்: கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர். வேதாகம வசனம் எழுதிய, நமக்குக் கிடைத்தவற்றிலேயே மிகப் பழைய பொருள் அதுதான், அது ஒரு தாயத்து. சுருளின் நடுவே கயிறு கோக்க வழி இருக்கிறது.

ரோமில் மூன்று, நான்காம் நூற்றாண்டுக் கிறிஸ்தவக் கல் சவப்பெட்டிகளில் இறந்த லாசருவை இயேசு எழுப்பும் காட்சியைச் செதுக்கியிருக்கிறார்கள். சுவிசேஷத்தில் இயேசு வெறும் குரலில்தான் கூப்பிடுகிறார். கல்லில் அவர் கையில் ஒரு மெல்லிய கோல் இருக்கிறது. மந்திரவாதியின் கோல் என்று சில கலை வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். அதே கல்பெட்டிகளில் பாறையை அடித்துத் தண்ணீர் வரவழைப்பவர் கையிலும் அதே கோல்தான் இருக்கிறது, ஆகவே மோசேயின் கோல் என்கிறார்கள் மற்றவர்கள். செதுக்கியவரும், காசு கொடுத்துச் செதுக்கச் சொன்ன குடும்பமும், உள்ளே படுத்தவரும் கிறிஸ்தவர்கள். அந்தக் கோலைப் பார்த்து அவர்கள் யாருக்கும் நெருடவில்லை.